கேட்போரின் வரலாறு
செக்கோசிலோவாக்கியாவில் ஒரு றொக் இசைக்குழுவும் அதன் இரசிகரும் (1968 – 1989)

கலை வரலாறு எனப்படுவது பெரும்பாலும் கலைஞரின் வரலாறாகவும், சில வேளைகளில் அவரை ஆதரித்த புரவலரின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. பாடியவர் யார், பாடப்பட்டது யாது, பாடலுக்குப் பரிசளித்தவர் யார் என்னும் வினாக்களுக்கு விடை எளிதிற் கிடைக்கின்றது. ஆயின், அப்பாடலைக் கேட்டவர் யார், கேட்பதற்காக அவர் கொடுத்த விலை யாது என்னும் வினாக்களை எழுப்புவோர் மிகச் சிலரே. இருபதாம் நூற்றாண்டின் மேலைத்தேய இளைஞர் இசையைப் பொறுத்தவரை இக்குறை மேலும் தெளிவாகப் புலப்படுகின்றது. இரசிகரின் பேரார்வத்தை ஒருசாரார் இளமைக்குரிய வெறியாட்டமெனத் தள்ளுவர். மற்றொரு சாரார் இசைத்தட்டுக் கம்பனிகளும் விளம்பரமும் சேர்ந்து உற்பத்தி செய்த செயற்கைப் பொருளென விளக்குவர். வணிகச் சந்தை வலுப்பெற்ற நாடுகளில் இரண்டாவது விளக்கத்திற் பேருண்மை உண்டு.

எனினும், இசைத்தட்டு விற்பனையோ, வானொலி ஒலிபரப்போ, சுவரொட்டியோ, நுழைவுச்சீட்டோ இல்லாத ஓரிடத்தில், இருபது ஆண்டுக் காலம் ஓர் இசைக்குழுவைச் சுற்றி இரசிகர் திரண்டு நின்றனர் எனின், அதனைச் சந்தையின் படைப்பு எனக் கூறுதல் இயலாது. அத்தகைய இரசிகரைப் பெற்றிருந்தது, செக்கோசிலோவாக்கியத் தலைநகர் பிராக்கில் 1968ஆம் ஆண்டு தோன்றிய 'பிளாஸ்ரிக் பீப்பிள் ஒவ் த யூனிவேர்ஸ்' என்னும் றொக் இசைக்குழு. 'பிரபஞ்சத்தின் பிளாஸ்ரிக் மனிதர்' என்பது அப்பெயரின் பொருளாகும். இக்குழுவின் வரலாற்றை அதன் இரசிகரின் பக்கமாக நின்று நோக்குவதும், அவர்களுடைய ஆர்வம் எவ்வாறு ஒரு நாட்டின் குடியுரிமை இயக்கத்தோடு இணைந்தது என்பதை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பின்னணி

1968ஆம் ஆண்டு ஜனவரி மாதம் அலெக்சாந்தர் டுப்செக் செக்கோசிலோவாக்கியக் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். தணிக்கை தளர்ந்தது, பத்திரிகைகளும் கலை மன்றங்களும் புத்துயிர் பெற்றன. 'பிராக் வசந்தம்' என அழைக்கப்பட்ட இக்காலப்பகுதி எட்டு மாதங்களே நீடித்தது. ஒகஸ்ட் 20ஆம் திகதி இரவு சோவியத் யூனியனின் தலைமையில் வார்சோ ஒப்பந்தப் படைகள் நாட்டினுட் புகுந்தன. 1969 ஏப்ரலில் டுப்செக்கின் இடத்துக்குக் குஸ்தாவ் ஹுசாக் வந்தார். அவரது ஆட்சி 'வழமைநிலைப்படுத்தல்' என்னும் பெயரால் சீர்திருத்தங்களை ஒவ்வொன்றாக நீக்கியது. கட்சியிலிருந்து மாத்திரம் 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். பேராசிரியர்கள் கொதிகலன் காப்பாளராகவும் எழுத்தாளர்கள் கூலித் தொழிலாளராகவும் மாறிய காலம் அது.

படையெடுப்பு நிகழ்ந்து சில வாரங்களுள், மிலான் ஹ்லாவ்சா என்னும் பதினேழு வயது இளைஞர் தம் நண்பருடன் சேர்ந்து இவ்விசைக்குழுவை அமைத்தார். அவர் இறைச்சிக்கடைத் தொழில் பயின்றவர். அமெரிக்க இசையாளர் பிராங்க் ஸாப்பாவின் பாடலொன்றிலிருந்தே குழுவின் பெயர் பெறப்பட்டது. ஸாப்பாவினதும், நியூயோர்க்கின் 'வெல்வெற் அண்டர்கிரவுண்ட்' குழுவினதும் பாடல்களே தொடக்கத்தில் அவர்களுக்கு முன்மாதிரிகளாயின. திரும்பத் திரும்ப ஒலிக்கும் கனத்த பேஸ் கிற்றார், அதன்மேல் ஏறி நிற்கும் வியோலாவும் பின்னர் வந்த சக்சபோனும், செவியை அதிரவைக்கும் முழவு என்பன அவர்தம் இசையின் இயல்புகள். இனிமையை நாடுவோர்க்கு அது உவப்பானதன்று. அதன் வேகமும் முரட்டுத்தனமுமே இளைஞரைக் கவர்ந்தன.

இக்குழுவினர் அரசியல் நோக்குடன் தோன்றியோர் அல்லர் என்பது இங்கு வலியுறுத்தற்பாலது. அரசை எதிர்க்கும் பாடல்களை அவர்கள் எழுதவில்லை. தாம் விரும்பியதைத் தாம் விரும்பியவாறு இசைப்பது ஒன்றே அவர்கள் வேண்டியதாகும். ஆயினும், இசைப்பதற்கே அரசின் அனுமதிப்பத்திரம் வேண்டப்பட்ட அமைப்பில் இவ்வேண்டுகோளே அரசியலாகியது. தொழில்முறை இசைஞர் அதிகாரிகள் முன்னிலையில் தேர்வுக்குத் தோற்ற வேண்டியிருந்தது. முடியைக் குறைத்தல், ஆங்கிலப் பெயரைக் கைவிடுதல், பாடல்களை மாற்றுதல் என்பன நிபந்தனைகளாயின. பல குழுக்கள் இணங்கின. இணங்க மறுத்த பிளாஸ்ரிக் பீப்பிள் குழுவினர் 1970ஆம் ஆண்டு தொழில்முறைத் தகுதியை இழந்தனர். அதனுடன் அரசு வழங்கிய இசைக்கருவிகளும், ஒத்திகை இடமும், ஊதியமும் பறிபோயின.

இரசிகர் காத்த இசை

ஓர் இசைக்குழுவின் வாழ்வு இவ்விடத்தில் முடிந்திருக்க வேண்டும். அது முடியாமைக்குக் காரணம் அதனைக் கேட்க விரும்பியோரே. குழுவினர் காடுகளில் மரந்தறிக்கும் வேலை செய்து பணந்தேடினர். குழுவில் ஒருவரான யோசெப் யானிசெக் பொறிமுறைத் தொழிலறிவு உடையவர். பழைய வானொலிப் பெட்டிகளின் உறுப்புகளைக் கொண்டு அவர் ஒலிபெருக்கிகளை அமைத்தார். ஆனால் இசைப்பதற்கு இடமும், வருவதற்கு மக்களும் இல்லாதவிடத்து இவற்றாற் பயனில்லை.

இடத்தைத் தேடும் முயற்சியில் முன்னின்றவர் இவான் யிரோஸ் என்னும் கலை வரலாற்று அறிஞர். இவர் 1969 முதல் குழுவின் கலை வழிகாட்டியாக விளங்கினார். ஓவியர் சங்கத்தின் உறுப்பினர் என்ற வகையில் விரிவுரை நிகழ்த்தும் உரிமை அவருக்கு இருந்தது. அமெரிக்க ஓவியர் அண்டி வாஹோலைப் பற்றிய விரிவுரை என அறிவிக்கப்படும். யிரோஸ் சில படங்களைக் காட்டிச் சில நிமிடங்கள் பேசுவார். அதன்பின் வாஹோலோடு தொடர்புடைய வெல்வெற் அண்டர்கிரவுண்ட் குழுவின் பாடல்களுக்கு 'விளக்கம்' என்ற பெயரில் மணிக்கணக்காக இசை நிகழும். இவ்வழி அடைபட்டபோது திருமண விருந்துகள் துணைபுரிந்தன. தனியார் வைபவத்துக்கு அனுமதி வேண்டியதில்லை ஆதலின், நண்பரின் திருமணமே இசைவிழாவாயிற்று.

இத்தகைய நிகழ்ச்சிகளுக்கு விளம்பரம் செய்வது இயலாத காரியம். செய்தி வாய்மொழியாகவே பரவியது. இடம் எதுவென்பது பலருக்குக் கடைசி நேரம் வரை தெரியாது. தலைநகரிலிருந்து புகைவண்டியேறிச் சிறுநிலையமொன்றில் இறங்கி, வயல்களையும் காடுகளையும் கடந்து நடந்து, கிராமத்து மதுச்சாலை மண்டபத்தையோ களஞ்சியத்தையோ சென்றடைவர். வந்தோருட் பெரும்பான்மையோர் தொழிலாள இளைஞரும் தொழிற்பயிலுநரும் பாடசாலை மாணவருமாவர். நீண்ட முடி அவர்களது அடையாளமாக விளங்கியது. பிராக் வசந்தத்துக்கு முன்னரே, 1966ஆம் ஆண்டில், நீள்முடி இளைஞருக்கு எதிராக அரசு இயக்கமொன்றை நடத்தி ஆயிரக்கணக்கானோரின் முடியைக் கட்டாயமாக வெட்டுவித்தது. எனவே இவ்விளைஞருக்கும் பொலிஸாருக்கும் இடையிலான பகை இக்குழுவினும் மூத்தது.

இவர்களை இலட்சியவாதிகளாக மாத்திரம் சித்திரிப்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. உரத்த ஓசைக்காகவும், மதுவுக்காகவும், தோழமைக்காகவும் வந்தோர் பலர். தத்துவ நூலைப் பயின்று வந்தோர் சிலரே. ஆயினும் அவர்கள் ஒவ்வொருவரும் ஒரு தெரிவைச் செய்தனர். அரசு அங்கீகரித்த பாடகர்களின் இசை வானொலியில் எந்நேரமும் கிடைத்தது. அதனைக் கேட்பதால் எவர்க்கும் தீங்கு நேரவில்லை. அதை விடுத்துப் பனியில் நடந்து செல்வோருடைய ஆர்வத்தை வெறும் பொழுதுபோக்கு எனல் பொருந்துமா?

குழுவின் வளர்ச்சியிலும் இவ்வார்வம் தாக்கம் விளைத்தது. தொடக்கத்தில் ஆங்கிலத்திற் பாடியோர், பின்னர் எகொன் பொண்டி என்னும் புனைபெயர் கொண்ட கவிஞரின் வெளியிடப்படாத செக் கவிதைகளுக்கு இசையமைத்தனர். பொண்டி மார்க்சியச் சிந்தனையாளர் என்பது குறிப்பிடத்தக்கது. சக்சபோன் வாசிப்பாளர் வ்ராதிஸ்லாவ் பிராபெனெக் குழுவிற் சேர்ந்தபின் சொந்த மொழிப் பாடல்களே முதன்மை பெற்றன. அந்நிய இசையின் நகலாகத் தொடங்கியது, கேட்போரின் மொழியில் அவர்களது அன்றாட வாழ்வின் வறுமையையும் நகைப்பையும் பேசும் கலையாக மாறியது. 1974, 1975ஆம் ஆண்டுகளிற் பதிவான இப்பாடல்கள் ஒலிநாடாவிலிருந்து ஒலிநாடாவுக்குப் பிரதிசெய்யப்பட்டு நண்பரிடையே உலவின. இசைத்தட்டாக அவை 1978இல் மேலைநாடொன்றிலேயே வெளிவந்தன. உள்நாட்டில் வெளியீட்டாளரும் விநியோகத்தரும் இரசிகரே.

தடியடியும் திருமணமும்

1974ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் திகதி, தென்பொஹீமியாவிலுள்ள செஸ்கே புடயோவித்செ நகருக்கு அண்மையில் ருடோல்போவ் என்னும் இடத்தில் இசை நிகழ்ச்சியொன்று ஒழுங்கு செய்யப்பட்டது. பிராக்கிலிருந்தும் பிற நகரங்களிலிருந்தும் பெருந்தொகையான இளைஞர் வந்து குழுமினர். குழுவினர் மேடையேறுமுன் பொலிஸார் நாய்களுடன் வந்து கூட்டத்தைக் கலைத்தனர். இளைஞர் புகைவண்டி நிலையத்தை நோக்கித் துரத்தப்பட்டு, அங்குள்ள சுரங்கப்பாதையில் தடிகளால் தாக்கப்பட்டனர். பெயர்கள் பதியப்பட்டன, மாணவர் சிலர் கல்வி நிலையங்களிலிருந்து நீக்கப்பட்டனர். அவர்கள் ஒரு பாடலைக்கூடக் கேட்டிருக்கவில்லை. கேட்கும் விருப்பமே தண்டனைக்குப் போதுமானதாயிற்று.

இந்நிகழ்ச்சிக்கு இரசிகர் காட்டிய எதிர்வினை நோக்கத்தக்கது. அவர்கள் கலைந்து போகவில்லை. அதே ஆண்டு செப்ரெம்பரில் பொஸ்துபித்செ என்னும் ஊரில் 'இரண்டாவது பண்பாட்டின்' முதலாவது இசைவிழா நடைபெற்றது. 'இரண்டாவது பண்பாடு' என்ற கருத்தினை யிரோஸ் 1975இல் எழுதிய அறிக்கையில் விரித்துரைத்தார். அரசின் பண்பாட்டை அழிப்பது தமது நோக்கமன்று. அதன் பாராட்டையும் பரிசையும் பொருட்படுத்தாது, அதற்குப் புறத்தே தாமே ஒரு பண்பாட்டைப் படைத்துக்கொள்வதே நோக்கம் என்பது அவ்வறிக்கையின் சாரமாகும். இப்பண்பாட்டில் இசைப்போனுக்கும் கேட்போனுக்கும் இடையே பெருஞ்சுவர் இல்லை. இன்று கேட்டவர் நாளை வீட்டைத் தருவார். மறுநாள் ஒலிநாடாவைப் பிரதிசெய்வார்.

இரண்டாவது இசைவிழா 1976ஆம் ஆண்டு பெப்ரவரி 21ஆம் திகதி பொயனோவித்செ என்னும் கிராமத்தில் நிகழ்ந்தது. யிரோஸின் திருமணமே அதற்கான காரணமாகக் காட்டப்பட்டது. அடுத்த மாதம் அரசு பதிலடி கொடுத்தது. மார்ச் மாதத்தில் குழுவினரும் ஏனைய இசைஞரும் நண்பருமாக இருபதுக்கு மேற்பட்டோர் கைதாயினர். வீடுகள் சோதனையிடப்பட்டு ஒலிநாடாக்களும் கருவிகளும் பறிமுதலாயின. இரசிகர் பலர் விசாரணைக்கு அழைக்கப்பட்டனர்.

வழக்கு

கைதானோரை மதுவெறியரெனவும் போதைக்கு அடிமைப்பட்டோரெனவும் சித்திரித்து, பொதுமக்களின் அனுதாபம் அவர்கள்பாற் செல்லாதவாறு தடுக்க அரசாங்க ஊடகங்கள் முனைந்தன. அரசின் கணிப்பு தவறானதன்று எனவே முதலிற் தோன்றியது. அறிவாளர் வட்டத்தினர் பலருக்கு இந்நீள்முடியினர் அந்நியர். அவர்களது இசை இரைச்சல். அவர்களது சொற்கள் கொச்சை.

இந்நிலை மாறியமைக்கு நாடகாசிரியர் வக்ளாவ் ஹாவெல் ஒரு முக்கிய காரணர். கைதுகளுக்குச் சற்று முன்னர் அவர் யிரோஸைச் சந்தித்தார். பழைய ஒலிப்பதிவுக் கருவியொன்றில் குழுவின் பாடல்களை யிரோஸ் அவருக்குப் போட்டுக் காட்டினார். அவ்விசையில் அவர் ஒரு மெய்ம்மையை உணர்ந்தார். நிகழ்ச்சியொன்றை நேரிற் பார்க்க நாளும் குறிக்கப்பட்டது. அந்நாள் வருமுன் யிரோஸ் சிறையிலிருந்தார். ஹாவெலும் ஓர் இரசிகராகவே இவ்வரலாற்றிற் புகுந்தார் என்பது கருதத்தக்கது.

அவ்வாண்டு ஒகஸ்டில் கவிஞர் யரோஸ்லாவ் ஸைபர்ட், மெய்யியலாளர் யான் பதொச்கா, ஹாவெல் முதலியோர் ஜேர்மானிய எழுத்தாளர் ஹைன்றிக் போலுக்குப் பகிரங்கக் கடிதம் வரைந்து, இசைஞர் விடுதலைக்கு ஆதரவு வேண்டினர். எதிர்ப்பு வலுத்ததன் பயனாகப் பலர் விடுவிக்கப்பட்டனர். செப்ரெம்பரில் பிராக்கில் நடந்த வழக்கில் நால்வரே நிறுத்தப்பட்டனர். யிரோஸுக்கு 18 மாதமும், பாவெல் ஸயிசெக்குக்கு 12 மாதமும், ஸ்வதொப்ளுக் கராசெக், பிராபெனெக் ஆகியோருக்குத் தலா 8 மாதமும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அமைதியைக் குலைத்தல் என்பதே குற்றச்சாட்டு.

வழக்கு நிகழ்ந்த நீதிமன்றத்தின் ஒடுங்கிய நடைகூடமே இவ்வரலாற்றின் திருப்புமுனை எனலாம். உள்ளே செல்ல அனுமதி பெறாத நீள்முடி இளைஞர் அங்கே காத்து நின்றனர். அவர்களருகே பல்கலைக்கழகத்தை இழந்த பேராசிரியரும், கட்சியை விட்டு வெளியேற்றப்பட்டோரும், தடைசெய்யப்பட்ட எழுத்தாளரும், கிறிஸ்தவரும் நின்றனர். அதுவரை தத்தம் வட்டங்களுக்குள் ஒடுங்கியிருந்த இவர்கள் ஒருவரையொருவர் முதன்முறையாக அறிந்துகொண்டனர். எழுபதை அண்மித்த வயதினரான பதொச்காவுக்கு அவ்விசை விருப்பமானதாக இருந்திருக்க வேண்டியதில்லை. ஒருவர் தமக்குப் பிடித்த இசையைக் கேட்கும் உரிமை இழக்கப்படுமாயின், மற்றவர் சிந்திக்கும் உரிமையும் நிலைக்காது என்னும் உணர்வே அவர்களை இணைத்தது.

சாசனம் 77

இவ்விணைப்பிலிருந்து பிறந்ததே 1977ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதியிடப்பட்ட 'சாசனம் 77' என்னும் பிரகடனம். அது எழுவதற்கு வழக்கு உடனடித் தூண்டுதலாயிற்று. 1975ஆம் ஆண்டு ஹெல்சிங்கி உடன்படிக்கையும், 1976இல் அந்நாட்டின் சட்டமாகிய ஐக்கிய நாடுகளின் மனித உரிமைப் பொருத்தனைகளும் அதன் சட்ட அடிப்படையாயின. அரசு தானே கையொப்பமிட்டதை மதித்து நடக்க வேண்டும் என்பதே சாசனத்தின் கோரிக்கை. ஹாவெல், பதொச்கா, 1968இல் வெளிநாட்டமைச்சராக இருந்த யிரி ஹாயெக் ஆகிய மூவரும் முதற் பேச்சாளராயினர். தொடக்கத்தில் ஏறத்தாழ 240 பேர் ஒப்பமிட்டனர். நீண்ட விசாரணைகளுக்குட்படுத்தப்பட்ட பதொச்கா மார்ச் 13ஆம் திகதி உயிர்நீத்தார்.

அரசும் வாளாவிருக்கவில்லை. 1977 ஜனவரி 28ஆம் திகதி பிராக் தேசிய நாடக அரங்கிலும், அடுத்த வாரம் மற்றோர் அரங்கிலும் கலைஞர் திரட்டப்பட்டு, சாசனத்தைக் கண்டிக்கும் அறிக்கையில் ஒப்பமிடச் செய்யப்பட்டனர். நாடறிந்த நடிகரும் பாடகரும் அவர்களுள் அடங்குவர். இவ்வொப்பீடு சிந்தனைக்குரியது. இலட்சக்கணக்கான இரசிகரைக் கொண்ட கலைஞர் அரசின் முன் பணிந்தனர். சில நூறு இரசிகரைக் கொண்ட கலைஞர் சிறை சென்றனர். முன்னவரின் இரசிகர் வானொலிக்கு முன்னால் தனித்தனியே அமர்ந்திருந்த நுகர்வோர். பின்னவரின் இரசிகர் ஒருவரையொருவர் அறிந்த சமூகத்தினர். எண்ணிக்கையால் அளக்கவியலாத இவ்வேறுபாடே வரலாற்றை வேறுபடுத்தியது.

அடுத்து வந்த ஆண்டுகள் கடினமானவை. குழுவினர் ஹாவெலின் நாட்டுப்புற வீட்டில் இசைத்தனர்; 1978இல் இயேசுவின் பாடுகள் பற்றிய இசைத்தொகுதியை அங்கேயே பதிவு செய்தனர். இரசிகர் 1979இல் 'வொக்னோ' என்னும் தட்டச்சு இதழைத் தொடங்கினர். 'யன்னல்' என்பதன் பேச்சுவழக்குச் சொல்லே அது. அவ்விதழின் காரணமாக யிரோஸ், பிரான்திசெக் ஸ்தாரெக் முதலியோர் 1981இற் கைதாகி மீண்டுஞ் சிறைப்பட்டனர். பிராபெனெக் 1982இல் கனடாவுக்குச் செல்ல நேர்ந்தது. 1988இல் குழு பிளவுற்றது. அடுத்த ஆண்டு நவம்பரில் ஆட்சி வீழ்ந்தது. டிசெம்பர் 29ஆம் திகதி ஹாவெல் நாட்டின் தலைவரானார். சாசனத்தின் இருபதாம் ஆண்டு நிறைவையொட்டி 1997இல் குழு மீண்டும் ஒன்றுகூடி இசைத்தது. ஹ்லாவ்சா 2001இலும், யிரோஸ் 2011இலும் காலமாயினர்.

மதிப்பீடு

ஒரு றொக் இசைக்குழு ஓர் ஆட்சியையே கவிழ்த்தது என்னும் கூற்று பிற்காலத்திற் பரவலாயிற்று. கவர்ச்சியான இக்கூற்றை வரலாற்று மாணவர் ஏற்றல் அரிது. பொருளாதாரத் தேக்கம், சோவியத் யூனியனில் கொர்பச்சேவின் கொள்கை மாற்றம், அயல்நாடுகளான போலந்து, ஹங்கேரி, கிழக்கு ஜேர்மனி ஆகியவற்றின் நிகழ்ச்சிகள், 1989 நவம்பரில் வீதிக்கிறங்கிய மாணவரும் தொழிலாளரும் என்பன அவ்வீழ்ச்சிக்கு அடிப்படைக் காரணங்களாகும். சாசனத்தில் 1989 வரை ஒப்பமிட்டோர் ஏறத்தாழ 1,900 பேரே; பெரும்பான்மையான மக்கள் ஒதுங்கியே நின்றனர்.

ஆயினும், இரசிகரின் பங்களிப்பு இன்னதென வரையறுத்துக் கூறுதல் இயலும். சிதறிக் கிடந்த குழுக்கள் ஒன்றையொன்று கண்டுகொள்வதற்கு ஏற்ற சந்தர்ப்பத்தை அவர்கள் ஏற்படுத்தினர். அச்சத்தால் மௌனித்திருந்த ஒரு சமுதாயத்தில், அனுமதி பெறாமல் ஓரிடத்தில் ஒன்றுகூடுதல் சாத்தியமே என்பதை நடைமுறையிற் காட்டினர். கொள்கைப் பிரகடனம் எழுதப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, அப்பிரகடனம் வேண்டிய சுதந்திரத்தைக் கிராமத்து மண்டபங்களில் ஓரிரவேனும் வாழ்ந்து பார்த்தோர் அவர்கள்.

சாசனத்தில் முதலில் ஒப்பமிட்டோரின் பெயர்களை வரலாறு பேணி வைத்துள்ளது. ருடோல்போவ் சுரங்கப்பாதையில் அடிபட்ட தொழிற்பயிலுநர், கல்வியை இழந்த மாணவர், நள்ளிரவில் ஒலிநாடாவைப் பிரதிசெய்தோர் ஆகியோருட் பலரது பெயர்கள் பொலிஸ் கோவைகளில் மாத்திரமே பதிவாயின. அவர்கள் வீரராக விரும்பியோர் அல்லர். ஓர் இசையைக் கேட்க விரும்பியோர். கேட்டலைக் குற்றமாக்கிய அரசே அவர்களை வரலாற்றினுட் கொண்டுவந்து சேர்த்தது. கலையின் வரலாற்றை எழுதப் புகுவோர் மேடையை நோக்குவதோடு அமையாது, மேடையின் எதிரே நின்றோரையும் கணக்கிற் கொள்ளல் வேண்டும் என்பதற்கு அவர்களினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.